களரியா, கைபேசியா, நூலா, அம்மம்மாவா: நம்மூர் நாட்டார் பாட்டைக் கேட்க எது வழி?

"நம்மூர் நாட்டார் பாட்டுக் கேக்கணும். எங்க தொடங்கிற?" இந்தக் கேள்வி பல வாயிலிருந்து வருகிறது. ஓகஸ்ட் லீவுக்குக் கனடாவிலிருந்து வந்து மட்டக்களப்புக் கல்லடியில் நிற்கும் பிள்ளை கேட்கும். உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் எடுத்த மாணவி கேட்பாள். இரவில் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாட்டோடு படுக்கப் போகும் நண்பன், "இப்பிடி நம்மட பக்கம் என்ன இருக்கு?" என்று சவால் விடுவான். பெரும்பாலும் நாம் ஒரு யூடியூப் இணைப்பை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். வாங்கியவர் ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று பதில் போடுவார். அதோடு சரி.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருப்பவருக்கு உண்மையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. ஊருக்குள் போய்க் களரியிலும் (கூத்து ஆடும் திறந்த வெளி) கோயிலிலும் கேட்கலாம். மேடை நிகழ்ச்சி பார்க்கலாம். கைபேசியில் தேடலாம். நூலில் படிக்கலாம். பாட்டுத் தெரிந்த ஒருவரின் வீட்டுத் திண்ணையில் போய் இருக்கலாம். ஒவ்வொன்றும் பாட்டின் ஒரு பங்கைத்தான் தரும். தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் ஒழுங்கு பலருக்குப் புதுமையாக இருக்கலாம்: முதலில் ஆள், பக்கத்தில் நூல், அப்புறம் களரி, கைபேசி கடைசி. ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் நிலைமைக்கு வேறு ஒழுங்கு பொருந்தினால் அதையே எடுங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், பாட்டின் வேலை தெரிகிறதா என்பது. நாட்டார் பாட்டுக்கு ஒரு வேலை உண்டு. பொலிப்பாட்டு களவெட்டியில் (நெற்களத்தில்) சூடு மிதிக்கும்போது, அதாவது எருமைக்கடாவை விட்டு நெற்கதிரை மிதிப்பிக்கும்போது, பாடுவது. அம்பா கரைவலை இழுப்பவர்களின் கையை ஒன்றுசேர்ப்பது. குளிர்த்தி, மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியின் கோபத்தைத் தணிப்பது. நாட்டார் கவி, வயலில் காவல் இருப்பவன் பரணில் இருந்து இரவைக் கழிக்கவும், மச்சானும் மச்சியும் நேரே சொல்ல முடியாததைச் சொல்லவும் உதவுவது. வேலை தெரியாமல் கேட்டால் ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப வருவது சலிப்பாகத்தான் இருக்கும். எருமைக்கடா சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தில் நின்று பார்த்தால், அந்தத் திரும்பலே பாட்டின் உயிர் என்று புரியும்.

இரண்டாவது, சொல் காதில் விழுகிறதா. நம் பாட்டில் பாதிக்கு மேல் சொல்லில் இருக்கிறது. அதிலும் கவி முழுக்கச் சொல்தான்.

மூன்றாவது, செலவு. காசு மட்டும் இல்லை. நித்திரை, பயணம், பிறருக்குப் பட்டுக்கொள்ளும் கடன் எல்லாம் சேர்த்தி.

நான்காவது, கேட்டதை இன்னொருவருக்குக் கொடுக்க முடிகிறதா. இதில் அனுமதியும் அடங்கும். பாட்டு ஊருக்குப் பொது என்றாலும் பாடிய குரல் ஒருவருடையது.

| வழி | பாட்டின் வேலை தெரியுமா | சொல் விளங்குமா | செலவு | பிறருக்குக் கொடுக்கலாமா |
|---|---|---|---|---|
| களரி, கோயில் | முழுதாக | முதல் தடவை குறைவு | நித்திரை, பயணம் | ஆளையே கூட்டிப்போக வேண்டும் |
| மேடை | பாதி | நன்றாக | மிகக் குறைவு | எளிது |
| கைபேசி | அரிதாக | பதிவைப் பொறுத்தது | டேட்டா, தேடும் நேரம் | மிக எளிது |
| நூல் | குறிப்பு இருந்தால் | முழுதாக | பொறுமை | எளிது. மெட்டு வராது |
| ஆள் | கேட்டால் சொல்வார்கள் | முழுதாக | பல நாள், உறவு | அவர் சம்மதித்தால் |

## களரியும் கோயிலும்

இங்கே எல்லாமே முழுதாகக் கிடைக்கும். அதுவே புதியவருக்குச் சிரமம்.

பெரும்போக அறுவடை முடிந்து கை ஓய்ந்த பிறகுதான் கூத்துக் காலம் சூடுபிடிக்கும். வட்டக்களரியில் சனம் நான்கு பக்கமும் குந்தியிருக்கும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்பார், சல்லரி ஒலிக்கும், ஆடுபவர் ஒரு வரி பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடியில் பொதுவாகப் போர்க்கதை, பாரமான உடுப்பு, விறுவிறுப்பு. தென்மோடியில் காதல் கதைகள் கூட; பாட்டு இழுத்து வரும், ஆட்டம் நுணுக்கம். இரவு தொடங்கினால் விடியும்.

புதியவர் செய்யும் பிழை, நேரே அரங்கேற்றத்துக்குப் போவது. ஒலிபெருக்கியில் மத்தளம் குரலை விழுங்கிவிடும். நடுவில் அன்பளிப்பு அறிவிப்புகள் வரும். பன்னிரண்டு மணிக்குக் கண் சொருகும். கதை எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் எரிச்சல் வந்துவிடும்.

அதற்குப் பதிலாகப் பழக்கத்துக்கு (ஒத்திகைக்கு) போங்கள். சட்டம் கொடுத்து (ஆடுபவருக்கு அவரவர் பங்கைக் கொடுத்து), மாதக் கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்த்து), அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். இந்த மாதங்களில் இரவில் ஊர் வாசிகசாலைக்குப் பக்கத்திலோ கோயில் வெளியிலோ பழக்கம் நடக்கும். உடுப்பு இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு தருவை (கூத்துப் பாட்டை) ஒருவன் பிழையாக எடுத்தால் அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவார். "இஞ்ச பாரு" என்று தானே பாடிக் காட்டுவார். அவன் திரும்பப் பாடுவான், இன்னும் சரியில்லை, திரும்பவும். அந்த ஒரே இரவில் ஒரே தரு உங்கள் காதில் பல தடவை விழுந்து, வீட்டுக்குப் போகும்போது உங்கள் வாயிலேயே நிற்கும். நேரத்தோடு முடிந்தும்விடும். இதைவிட நல்ல பாடசாலை எனக்குத் தெரியாது.

கோயில் என்றால் வைகாசி. கண்ணகி அம்மன் கோயில்களில் பல, அந்த மாதத்தில்தான் கதவு திறப்பவை. கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை படித்து, பூரணையை ஒட்டிக் குளிர்த்தியோடு முடியும். மட்டக்களப்புப் பக்கம் செட்டிபாளையம், மகிழடித்தீவு, ஆரையம்பதி; அம்பாறைப் பக்கம் காரைதீவு, தம்பிலுவில். உடுக்கு ஒலியோடு வழக்குரை வரும்போது, சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்தவருக்குக் கதை தெரிந்ததுபோல இருக்கும். ஆனால் இங்கே கதை கடலுக்கும் போகிறது. கடலோட்டு காதை என்றே ஒரு பகுதி உண்டு. கரையோரத்துச் சனத்தின் காப்பியம் அப்படித்தானே இருக்கும்.

பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலை விட்டுவிடக் கூடாது. அங்கே பாரதக் கதையே பதினெட்டு நாள் சடங்காக நடந்து தீமிதிப்பில் முடியும். பாட்டுக்காக மட்டும் போகிறவருக்கு அது கொஞ்சம் பெரிய கவளம்.

மறைந்திருக்கும் செலவுகள்: படுவான்கரைக்கு (வாவியின் மேற்குக் கரைக்கு) போனால் திரும்பி வர இரவில் பஸ் இல்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வருவது எளிதாகிவிட்டது. முன்பு வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். என்றாலும் உள்ளூர் ஒழுங்கைகளில் யானைப் பயம் இருக்கிறது; இரவு தனியாக மோட்டார் சைக்கிளில் புறப்படாதீர்கள், தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். கோயிலுக்குள் போனைத் தூக்க முன்னர் பூசை செய்யும் கப்புகனாரிடம் கேளுங்கள். சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் விடமாட்டார்கள். இரண்டுக்கும் வாதாட வேண்டாம்.

எப்போது இதுவே சரி: ஊரில் மாதக் கணக்கில் நிற்பவருக்கு. ஏற்கனவே சில பாட்டுகளின் சொல் தெரிந்தவருக்கு. தாளத்துக்காக வருபவருக்கு.

## மேடை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் பார்க்கும் மேடைக்கு ஏற்றபடி கொடுத்தார். 1962இல் வந்த கர்ணன் போர் அந்த வழியைத் திறந்தது. அதில் ஆடிய மாணவர்களில் சி. மௌனகுரு பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அந்த வேலையைத் தொடர்ந்தார். இன்று கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவர்களின் கூத்தைப் பார்க்கலாம். நல்ல ஒலி, நல்ல வெளிச்சம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீடு.

இழப்பது என்ன? ஊர். மேடையில் அரசன் வருவான். களரியில் உங்கள் பக்கத்து வளவு மாமா அரசனாக வருவார், சனம் அவரைப் பகிடி பண்ணும், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொலு இருப்பார். இந்தக் குறையை உணர்ந்துதான் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் ஊர்க்காரரோடு இருந்து, கூத்தை ஊருக்குள்ளேயே மீளுருவாக்கும் வேலையைச் செய்தார்கள். சுருக்குவது சரியா, ஊரோடு விட்டுப் புதுக்குவது சரியா என்று இங்கே நெடுநாள் விவாதம் உண்டு. கேட்கத் தொடங்குகிறவர் அதில் பக்கம் எடுக்கத் தேவையில்லை, இரண்டையும் பார்க்கலாம்.

எப்போது இதுவே சரி: சின்னப் பிள்ளைகளோடு வருபவருக்கு. ஒரு வார லீவில் வந்தவருக்கு. பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு.

## கைபேசி

எல்லாரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஏன் சரியாக வருவதில்லை என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அமெரிக்கக் கன்ட்ரி பாட்டை எடுங்கள். 1927 கோடையில் விக்டர் கம்பனிக்காக ரால்ப் பியர் என்பவர் டெனசி, வேர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவுக் கருவியோடு இறங்கினார். கார்ட்டர் குடும்பமும் ஜிமி ரோஜர்ஸும் அங்கேதான் முதன்முதலாகப் பதிவானார்கள். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். மலைநாட்டுப் பாட்டு அந்த மூன்று நிமிடத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டது. 1952இல் ஹாரி ஸ்மித் அந்தப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தெரிந்து, குறிப்புகளோடு தொகுத்தபோது, அடுத்த தலைமுறை அதைக் கையில் வைத்துப் பாடக் கற்றது. ஆகவே கன்ட்ரி பாட்டுக் கைபேசிக்கு முன்னரே துண்டு துண்டாகத் தயாராகிவிட்டது. ஒரு பாட்டு, ஒரு தலைப்பு, ஒரு பாடகர். செயலி பரிந்துரைக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

குளிர்த்திக்கும் கூத்துக்கும் அப்படியொரு அளவு வரவில்லை. ஐந்து மணி நேரக் காணொளியில் நல்ல இடம் எது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. அரை நிமிடத் துண்டில் முன்னும் பின்னும் இல்லை. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. அதில் "நாட்டுப்புறப் பாட்டு" என்று தட்டினால் தமிழ்நாட்டுப் பாட்டும் சினிமாக் குத்துப் பாட்டும்தான் முந்திக்கொண்டு வரும். அவை கெட்டவை என்று சொல்லவில்லை. நீங்கள் தேடியது வேறு.

இன்னொரு தொல்லை, வேலை தெரியாத துண்டு தப்பான பொருள் தருவது. கொம்பு முறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து ஒருவரையொருவர் வசைபாடும். அம்மனுக்கான விளையாட்டு அது. முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்து சாப்பிடுவார்கள். அதில் ஒரு நிமிடத்தை வெட்டிப் போட்டால் ஊர்ச் சண்டை மாதிரி இருக்கும். கீழே வரும் கருத்துகளைப் படித்தால் தலையில் கைவைக்க வேண்டியதுதான். பறைமேளக் கூத்துக்கு இதைவிட மோசம்: அதை ஆடுகிறவர்கள் சாதியின் பேரால் பட்ட அவமானம் எதுவும் தெரியாமல், வெறும் வேடிக்கையாகப் பகிர்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கைபேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தேடும் முறையை மாற்றுங்கள். பொதுச் சொல்லை விட்டு, ஊர்ப் பெயரையும் வகையையும் சேர்த்துத் தட்டுங்கள்: தம்பிலுவில் குளிர்த்தி, காரைதீவு வழக்குரை, வசந்தன் கூத்து, நாட்டார் கவி, பொல்லடி. ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை தட்டுங்கள். நம் ஆட்கள் தலைப்பை எப்படியும் எழுதுவார்கள். நல்ல பதிவொன்று கிடைத்தால் அதை ஏற்றிய சனலுக்குள் போய் மற்றவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு ஊர்ப் பையனின் சனலாக இருக்கும். அவனுக்குத் தெரியாமல் அவனே அந்த ஊரின் ஆவணக்காரன். நூலக நிறுவனத்தின் ஆவணகம் தளத்தில் ஒலி, ஒளிப் பதிவுகள் விவரக் குறிப்போடு இருக்கின்றன. அங்கே செயலி எதையும் உங்கள் முன்னால் தள்ளாது, நீங்களே தேட வேண்டும்.

எப்போது இதுவே சரி: வெளிநாட்டில் இருப்பவருக்கு வேறு வழி இல்லை. ஊரில் இருப்பவருக்கு, நேரில் கேட்டதைத் திரும்பக் கேட்க.

## நூல்

பாட்டைப் படிக்கிறதா என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் களரியில் தவறிய சொல்லை மீட்கும் இடம் இதுதான். தி. சதாசிவ ஐயர் 1940இல் தொகுத்து வெளியிட்ட மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு, கோலெடுத்து ஆடும் வசந்தன் பாட்டுகளை அச்சில் காப்பாற்றியது. பண்டிதர் வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது. கவியும் கூத்தும் கண்ணகி வழிபாடும் ஒரே கட்டில் கிடைக்கும் நூல். அவரே 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தார். அம்பாறைக் கரையில், நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் ஊர்களின் கிராமியக் கவிகளைத் திரட்டிக் கொடுத்திருக்கிறார். பழைய ஈழத்து நூல்களைத் தேடுகிறவர், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தை முதலில் பார்க்கலாம். காசு இல்லை.

நூலின் குறை எல்லாருக்கும் தெரிந்ததே: மெட்டு இல்லை. தெரியாத குறை ஒன்றுண்டு. அச்சில் வந்ததைச் "சரியான" பாட்டு என்று நம்பிவிடுவோம். பிறகு வயதான ஒருவர் வேறு சொல் போட்டுப் பாடினால் அவரைத் திருத்தப் போவோம். தொகுத்தவர் ஒரு ஊரில் ஒருவரிடம் கேட்டதைத்தான் எழுதினார். பக்கத்து ஊரில் வேறு மாதிரி இருக்கும், இருக்கவும் வேண்டும். நூலை மடியில் வையுங்கள், கையில் பிரம்பாகப் பிடிக்காதீர்கள்.

எப்போது இதுவே சரி: நேரில் போக முன்னரும் போய் வந்த பிறகும். தனியாக நூல் மட்டும் என்றால் அது படிப்பு, கேட்பு ஆகாது.

## ஆள்

ஒவ்வொரு ஊரிலும் இன்னும் ஒருவர் இருக்கிறார். அம்மம்மா, பெரியம்மா, முஸ்லிம் ஊரில் மூத்தம்மா, வயல் காவலுக்குப் போன பெரியப்பா, பழைய கூத்துக் கொப்பியைச் சீலையில் சுற்றி வைத்திருக்கும் அண்ணாவியார். பொலிப்பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் இப்போது இந்த வழி ஒன்றுதான். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கி, அறுத்து, அடித்து, மூட்டையாகவே தந்துவிடுகிறது. சூடு மிதிப்பு இல்லை, எருமைக்கடா இல்லை, இராப்பொழுதைக் கழிக்கப் பாட்டும் வேண்டியதில்லை. பாட்டு இப்போது இருப்பது அந்த வேலையைச் செய்தவர்களின் நினைவில் மட்டும்.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டுக்கு, கவி கேட்க வேண்டும் என்ற பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கதிரை போட்டு அம்மம்மாவை இருத்தி, போனை முன்னால் வைத்து, "பாடுங்க அம்மம்மா" என்றாள். அவர் ஒரு வரி தொடங்கி நிறுத்தினார். "எல்லாம் மறந்து போச்சி மனே. அதெல்லாம் அந்தக் காலம்." பெண்ணின் முகம் வாடிவிட்டது. தேத்தண்ணி வந்தது, குடித்தோம். அம்மம்மா கதிரையை விட்டு இறங்கி, பாதியில் விட்டிருந்த பன்பாயில் போய்க் குந்தினார். விரல் பன்னை மடக்கி மடக்கிப் போக, வாய் முணுமுணுத்தது. முதலில் அரை வரி. பிறகு நான்கு வரியும். இழை ஓரத்துக்கு வந்து திரும்பும் இடத்தில் கவியும் முடிந்தது; அடுத்த இழையோடு அடுத்த கவி. அதற்குப் பிறகு நிறுத்தத்தான் முடியவில்லை. நடுவில் ஒன்றைப் பாடிவிட்டுச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை.

மேலே முதல் அளவுகோலாக வேலையைப் போட்டதற்குக் காரணம் இதுதான். கைக்கு வேலை வந்ததும் பாட்டு வந்தது. ஆகவே யாரிடம் போனாலும், பாட்டைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். "பிள்ளையை எப்படி நித்திரையாக்கினீங்க?", "காவலுக்குப் போனா இரவு என்ன செய்வீங்க?" பேச்சு வளர்ந்தால் பாட்டுத் தானாக வரும். சொல் விளங்காவிட்டால் அங்கேயே நிறுத்திக் கேட்கலாம். எந்தக் காணொளியும் இந்த வசதியைத் தராது.

செலவு இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். வெறுங்கையோடு போவது அழகில்லை. வெற்றிலையோ பழமோ ஏதோ ஒன்று. வேலை முடிந்ததும் காணாமல் போனால், அடுத்துக் கேட்க வருகிறவருக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படும். முக்கியமாக, ஒப்பாரியைப் பாடிக் காட்டச் சொல்லாதீர்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி எடுப்பது ஆகாது. சிலர் மரியாதைக்காகப் பாடிவிட்டுப் பிறகு மனம் கலங்கி இருப்பார்கள். அதை அவர்களாகச் சொன்னால் கேட்கலாம், வளவுக்கு வெளியே நின்று.

எப்போது இதுவே சரி: சொந்தக்காரர் இங்கே இருப்பவருக்கு எப்போதும். சொந்தம் இல்லாதவருக்கு, ஊரில் ஒருவர் கூட்டிப்போனால்.

## பலரும் மறக்கும் ஒன்று

நம்மூர்ப் பாட்டு என்றதும் வயலும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். மட்டக்களப்பு நகரிலும் அதைச் சுற்றியும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரையும் (போர்த்துக்கேயர் வழிவந்தவர்களையும்) சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களின் கலியாண வீட்டில் கபிரிஞ்ஞா ஆட்டம் உண்டு. வயலின் முன்னால் போக, மற்ற வாத்தியங்கள் கூட வரும். பாட்டு அவர்களின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில். வீட்டில் தமிழ் பேசும் இளையவர்களுக்கே அந்தச் சொல் முழுதாக விளங்காத நிலை. லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மொழியையும் பாட்டையும் பதிவு செய்து, அழியும் நிலையிலுள்ள மொழிகளுக்கான இணைய ஆவணக்காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் என் ஒழுங்கை மாற்றுவேன்: அழைப்பு இல்லாமல் கலியாண வீட்டுக்குப் போக முடியாது, ஆகவே முதலில் பதிவு.

## யாருக்கு எதைச் சொல்வது

ஜானி கேஷ் கேட்கும் நண்பனுக்குக் கூத்தைக் கொடுக்காதீர்கள். அவனுக்கு நாட்டார் கவி. தனிக் குரல், வாத்தியம் இல்லை, நாலு வரியில் ஒரு மனக்குறை. அவன் காதுக்குப் பழகிய நேர்மை அதில் இருக்கும். கன்ட்ரியில் ஃபிடில் பிடிக்கும் என்பவனுக்குக் கபிரிஞ்ஞா. தாளம் வாசிக்கிறவருக்கு வடமோடிப் பழக்க இரவு. மத்தளத்துக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். கனடாப் பிள்ளைக்கு, அதன் சொந்த அம்மம்மாவின் தாலாட்டு; முடிந்தால் அந்தப் பிள்ளையின் அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும், சொல் விளக்க ஆள் வேண்டும். ஓகஸ்டில் வருகிறவருக்கு வைகாசிக் குளிர்த்தியைப் புகழ்ந்து பிரயோசனம் இல்லை. அடுத்த முறை மே மாதக் கடைசியில் டிக்கெட் போடச் சொல்லுங்கள். அரங்கியல் மாணவிக்கு மேடையும் நூலும் பாடத்திட்டமே தந்துவிடும். அவளை எப்படியாவது ஒரு களரிக்கு அனுப்புங்கள்.

அனுப்பும்போது ஒன்றை மட்டும் அனுப்புங்கள். பத்து இணைப்பு அனுப்பினால் ஒன்றும் கேட்கப்படாது. அதோடு சில வரி எழுதுங்கள்: எந்த ஊர், யார் பாடியது (பெயர் போடலாம் என்று அவர் சொன்னால்), எந்த வேலைக்கு, எத்தனையாவது நிமிடத்திலிருந்து கேட்க வேண்டும், விளங்காத சொல் இருந்தால் அதன் பொருள். ஹாரி ஸ்மித் செய்ததும் ஏறத்தாழ இதுதான்.

நீங்களே பதிவு செய்தது என்றால், வெளியே அனுப்ப முன்னர் பாடியவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "இது வேணாம், அழிச்சிரு" என்றால் அவர் கண் முன்னால் அழியுங்கள். சரி என்றால் கோப்பை முதலில் அவருக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் அது பேரனின் வட்சப்புக்குத்தான் போகும், ஆகவே பேரனின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.